அயில்சாவின் மரக்கூரை

முப்பது வருஷமாகக் குனிந்தே பிழைத்தவன் கெல்வின். டாஸ்மேனியாவின் அந்த மழைக்காட்டு ஊர்களில் யார் வீட்டுக்கு மரத்தரை போட்டாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்டவன் இப்போது ஏணியில் நின்று, கழுத்து ஒடிய, தரைப் பலகையைத் தலைக்கு மேலே அறைந்துகொண்டிருந்தான். சுவர்களை முடித்தாயிற்று. பாக்கி உட்கூரைதான்.

எல்லாம் அவன் மனைவி அயில்சாவுக்காக. "இந்த ஆஸ்பத்திரி வெள்ளையப் பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப்போச்சு. வீட்டுக்குக் கொண்டுபோ. சுத்தியும் மேலயும் மரத்தப் பாத்துக்கிட்டே போய்ச் சேர்றேன்" என்று கேட்டிருந்தாள். மூன்று வாரம் தாங்கினால் பெரிது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார்.

புதுப் பலகையை, அது போகப்போகிற அறையிலேயே இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, இரண்டு வாரம் ஆறப்போட வேண்டும். வீட்டுக் காற்றுக்கு மரம் பழக வேண்டும். இதை எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருப்பான்! அவசரப்பட்டவர்களை வாசலிலேயே திட்டி அனுப்பியவன், ஈரக் கொட்டகையிலிருந்து வந்த பலகையை அன்றைக்கே மேலே ஏற்றினான்.

"ரெண்டு வாரம் போடணும்னு நீதான மச்சான் சொல்லுவ?" என்றான் அயில்சாவின் தம்பி ட்ரெவர், கீழே பலகையைத் தாங்கியபடி.

"அவளுக்கே மூணு வாரந்தான்டா."

"சரி, அப்ப பலகை மூஞ்சியிலயாவது ரெண்டு ஆணி அடி."

"ஆணித்தலை தெரியும். நாள் பூரா அவ அதையா பாத்துக்கிட்டு கெடப்பா? ஓரத்துல நீட்டிக்கிட்டிருக்கற நாக்குல சாய்ச்சு அடிச்சாப் போதும், அடுத்த பலகையோட காடிப் பள்ளம் அதை மூடிரும். நான் போட்ட தரை எதாச்சும் விழுந்திருக்கா?"

"தரை எங்க போய் விழும் மச்சான்? அது ஏற்கெனவே கீழதான கெடக்கு!"

இருவரும் சிரித்தார்கள். பாவிகள், சிரித்தார்கள்.

ஐந்தாம் நாள் அயில்சா வந்தாள். படுக்க வைத்ததும் மேலே பார்த்தாள். "அடேயப்பா! தரையத் தூக்கித் தலைகீழா மாட்டிட்டியே. நான் என்ன பல்லியா?" என்றவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அன்று பூசணி சூப்பில் அரைக் கிண்ணம் உள்ளே போனது.

ஆனால் குளிர் அவளை விடவில்லை. விறகுக் கணப்பு இரவும் பகலும் எரிந்தது. அவள் வந்த நான்காம் நாள் கூரையில் படீரென்று ஒரு சத்தம். பலகைகளுக்கு நடுவே கறுப்புக் கோடுகள் தெரிந்தன. மரம் காய்ந்து சுருங்குகிறது, நாக்கு காடியை விட்டு நழுவுகிறது என்று கெல்வினுக்குப் பார்த்ததுமே புரிந்தது.

"கணப்பக் கொஞ்சம் தணிக்கட்டுமா?"

"என்னை வெறைக்க வச்சுக் கொல்லப் பாக்குறியா?"

"மேல நாலு ஆணியாவது அடிச்சிர்றேனே."

"சுத்தியல் சத்தம் மண்டையப் பொளக்கும். நாளைக்கு அடி."

பல் கிட்டிக் கிடந்தவளிடம் என்ன வாதாடுவது? தன் கையாலேயே இன்னும் இரண்டு கட்டை விறகைத் தள்ளினான். விடிந்ததும் இரண்டு பலகைகள் பெயர்ந்து அவள் காலில் விழுந்தன. எலும்பு முறிந்துவிட்டது.

"இனிமே வீட்ல வச்சுக்க முடியாதுங்க" என்றாள் ஆம்புலன்ஸில் வந்த நர்ஸ். வண்டி அயில்சாவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனபிறகு கெல்வின் கடப்பாறையை எடுத்து, மிச்சக் கூரையைத் தானே பிடுங்கிப் போட்டான்.

மூன்று வாரம் கழிந்தது. அயில்சா போகவில்லை. ஆறு வாரம் ஆயிற்று, ஒன்பது ஆயிற்று. அந்த வெள்ளைக் கூரைக்குக் கீழே பதினோராம் வாரமும் மூச்சு ஓடிக்கொண்டிருந்தது.

கெல்வின் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உடைந்தான். "மூணு வாரந்தானேன்னு அவசரப்பட்டுட்டேன். பலகைய ரெண்டே வாரம் ஆறப்போட்டிருந்தா இன்னிக்கு நம்ம வீட்லயே இருந்திருப்ப. கால் ரொம்ப வலிக்குதா?"

"கால் இல்ல கெல்வின்" என்றாள். "டாக்டர் சொன்னாரு, சரி. நீயுமா என் நாளை எண்ணுன?"

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு உயிரோடு இருந்த நான்கு நாளும் அவனைப் பார்த்துத் திரும்பவேயில்லை.