அமைச்சர் உருவாக்கிய வேலை

வடகிழக்கு மாநிலம் ஒன்றின் தொழில்துறை அமைச்சர் முதலீட்டாளர்களைத் தேடி மைசூருக்கு வந்தார். எந்த மாநிலம் என்று சொல்வதற்கில்லை. சொன்னால் அந்த மாநிலத்துக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். சொல்லாவிட்டால் பக்கத்து மாநிலத்துக்காரர்கள், தங்களைத்தான் சொல்கிறோம் என்று கோபித்துக்கொள்வார்கள். பின்னது பரவாயில்லை.

முதலீட்டாளர்களெல்லாம் பெங்களூரில் இருக்க மைசூருக்கு ஏன் வந்தீர்கள் என்று கேட்டவர்களுக்குச் சிக்கன நடவடிக்கை என்று பதில் கிடைத்தது. அது தசரா சமயம், அரண்மனைக்கு விளக்குப் போட்டிருந்தார்கள் என்பதும், அமைச்சரோடு மனைவியும் இரண்டு மகள்களும் மாமியாரும் வந்திருந்தார்கள் என்பதும் சிக்கனத்தோடு சம்பந்தமில்லாத விஷயங்கள்.

கூட்டம் நடந்த ஓட்டலில் விருந்து மண்டபத்துக்கு மேனேஜர் இராமச்சந்திரன். மாதேஸ்வரன் மலைப் பக்கத்துக் கௌதள்ளித் தமிழர். மழையை நம்பி ராகி விதைத்து அலுத்துப்போய் மைசூர் பஸ் ஏறியவர். பாத்திரம் கழுவுவதில் தொடங்கி, கழுத்தில் டை கட்டிக்கொண்டு விருந்தாளிகளை வரவேற்கும் இடத்துக்கு வந்திருந்தார். வாடகையும் எண்ணெய் விலையும் வருஷா வருஷம் ஏறின. அவர் சம்பளம் மட்டும் அடக்கமாக நின்ற இடத்திலேயே நின்றது. கூட்டிக் கேட்டால் முதலாளி பிரசாந்த் சமையலறைப் பக்கம் கையைக் காட்டி, கன்னடம் கலந்த தமிழில் சொல்வார்.

"அங்க பாரு ராமு. அந்த நார்த் ஈஸ்ட் ஹுடுகரு, அந்தப் பசங்க எல்லாம் பாதிச் சம்பளத்துக்கு வராங்க. உனக்கு நான் முழுசாக் கொடுக்கறேன் அல்லவா? அதுவே இன்கிரிமென்ட்தானே?"

அதனால் அந்தப் பிள்ளைகள்மேல் இராமச்சந்திரனுக்கு ஆரம்பத்தில் பிரியம் ஒன்றும் இல்லை. நயன்மணி வந்த பிறகுதான் அது மாறியது. பெயரைக் கேட்டு யாரோ தமிழ்ப் பெண் என்று நினைத்து, அவர் பெண்கள் விடுதியில் இடம் சொல்லி வைத்திருந்தார். வந்து நின்றவனோ மீசை வைத்த வாலிபன். பொருளாதாரத்தில் எம்.ஏ. அவன் அப்பா வேலை பார்த்த காகித ஆலையைப் பூட்டிவிட்டார்கள். அவன் ஆசிரியர் வேலைக்குத் தேர்வு எழுதினான். கேள்வித்தாள் முன்கூட்டியே வெளியாகித் தேர்வு ரத்தாயிற்று. மறுபடி எழுதித் தேறினான். அரசாங்கத்திடம் பணம் இல்லை என்று நியமனத்தை நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகுதான் ரயில் ஏறினான். தமிழை, பேச்சுக்குப் பேச்சு மரியாதை வைக்கும் ஹனூர்ச் சமையல்காரர் ஒருவரிடம் கற்றுக்கொண்டதால், மனிதர்களுக்குப் போலவே கேஸ் அடுப்புக்கும் 'ங்க' போட்டுப் பேசினான்.

கூட்டத்துக்கு முந்தின நாள் காலையில் அமைச்சரின் செயலாளர் இராமச்சந்திரனைத் தேடி வந்தார். தொடக்க விழாவில் ஆட வேண்டிய நடனக் குழு வரவில்லையாம். விமானக் கட்டணம் ஏறிவிட்டதாம். குழுவுக்கு எடுத்த டிக்கெட்டில் யார் வந்தார்கள் என்பது, நீச்சல் குளத்தில் மிதந்துகொண்டிருந்த மாமியாரைப் பார்த்தாலே தெரிந்தது.

"இங்கேயே ஆள் பிடிக்க முடியுமா? எங்கள் ஊர்ப் புத்தாண்டு ஆட்டம் மாதிரி இருந்தால் போதும்" என்றார் செயலாளர்.

இராமச்சந்திரன் சமையலறைக்குப் போனார். "ஏப்பா நயன்மணி, உங்கூரு ஆட்டம் உங்களுக்கெல்லாம் வருமா?"

"வருமுங்க. இங்க பரிமாறற ரூபாலி நல்லா ஆடுவாங்க. நான் மேளம் அடிப்பேனுங்க. ஆனா நாங்க ஆடப் போயிட்டா யாருங்க பரிமாறுவாங்க?"

"நான் பரிமாறிக்கறேன். நீ மேளத்தப் பாரு."

உடைக்கு வழி செய்தவள் அவர் மனைவி லீலா. வீட்டில் தையல் மிஷின் போட்டுப் பிழைப்பவள். ஓட்டலின் வெள்ளை மேஜை விரிப்புகளை எடுத்து அதில் சிவப்புக் கரை வைத்து, ஒரே மதியத்தில் பாரம்பரிய உடை தயாரித்துவிட்டாள்.

"மஞ்சக் கறை போகலீங்க. கரைக்குள்ள மடிச்சுத் தச்சிருக்கேன். அதிகமாக் குதிக்க வேணாம்னு சொல்லுங்க" என்றாள்.

மறுநாள் மண்டபம் நிறைந்தது. முன்வரிசையில் ஊதுவத்திக் கம்பெனி முதலாளிகள், மனை விற்பவர்கள். அவர்களோடு ஹ்ருஷிகேஷ் என்ற ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. மேல்கோட்டைப் பக்கத்து ஐயங்கார். மருமானின் சாஃப்ட்வேர் கம்பெனி சார்பாக வந்திருந்தார். மருமானுக்கு அன்றைக்கு வேலை இருந்தது. இவருக்குப் பசி இருந்தது.

மேளம் ஒலித்தது. ரூபாலியும் மற்றவர்களும் ஆடத் தொடங்கினார்கள். மூன்று வருஷமாகப் புத்தாண்டுக்கு ஊர்ப் பக்கம் போகாதவர்கள். முதல் சுற்றில் முதலீட்டாளர்களுக்காக ஆடினார்கள். அடுத்த சுற்றில் யாரும் இருப்பதையே மறந்துவிட்டார்கள். ரூபாலியின் கண்ணில் நீர் வழிந்தது. ஆனால் இடுப்பு தாளம் தப்பவில்லை. தட்டை ஏந்திக்கொண்டு ஓரத்தில் நின்ற இராமச்சந்திரனுக்கு என்னவோ போல் இருந்தது. இத்தனை நாள் இந்தப் பெண்ணிடம் 'தண்ணி வை, பிளேட் எடு' என்பதைத் தவிர வேறு ஒரு வார்த்தை பேசியதில்லையே என்று நினைத்தார்.

அமைச்சரும் உணர்ச்சிவசப்பட்டு மேடையேறி இரண்டு அடி ஆடினார். மூச்சு வாங்க, நயன்மணியின் தோளில் கை போட்டு அவர்கள் மொழியில் ஏதோ கேட்டார். அவன் பதில் சொன்னான். அமைச்சரின் சிரிப்பு ஒரு கணம் நின்று, பிறகு இரண்டு மடங்காக விரிந்தது.

"என்னடா கேட்டாரு?" என்றார் இராமச்சந்திரன், அவன் கீழே இறங்கியதும்.

"எந்தக் குழுன்னு கேட்டாருங்க. உங்க தொகுதிதான், உங்க வீட்டுக்குப் பின்தெருன்னு சொன்னேன். இங்க என்ன பண்றேன்னு கேட்டாரு. இன்னும் கொஞ்ச நேரத்துல உங்களுக்கு மீன் கொண்டு வருவேன்னு சொன்னேனுங்க."

அதற்குள் அமைச்சர் மைக்கைப் பிடித்திருந்தார். "எங்கள் பண்பாட்டை நாடு முழுவதும் கொண்டு சேர்த்துவிட்டோம். இந்த இளைஞர்களே சாட்சி!" என்று தொடங்கினார். விலைவாசி கட்டுக்குள் இருக்கிறது என்றார். வெங்காயம் வாங்குவதையே மக்கள் விட்டுவிட்டதை அவர் சொல்லவில்லை. வேலை கேட்டுப் பதிவு செய்வோர் எண்ணிக்கை பாதியாகக் குறைந்துவிட்டது என்றும் பெருமையோடு சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள்.

"அது நெசந்தானுங்க. மீதிப் பாதி இங்கதான இருக்கோம்" என்று நயன்மணி மெதுவாகச் சொன்னான்.

பிறகு கேள்வி நேரம். மின்சாரம் எப்படி என்று ஒருவர் கேட்டார். திரையில் அருவி ஒன்றைக் காட்டினார்கள். சாலை எப்படி என்று இன்னொருவர் கேட்டார். காண்டாமிருகத்தைக் காட்டினார்கள். ஹ்ருஷிகேஷ் எழுந்து, "மின்சாரம், ரோடு எல்லாம் கிடக்கட்டும். வேலைக்கு ஆள் கிடைப்பாளோ?" என்றார்.

"எவ்வளவு வேண்டுமானாலும்! படித்தவர்கள், உழைப்பாளிகள், அதிகம் கேட்கமாட்டார்கள்" என்றார் அமைச்சர்.

"அப்போ கம்பெனியை ஏன் அங்கே தூக்கிண்டு வரணும்? ஆளை இங்கே அனுப்பிடுங்கோளேன். செலவு குறைச்சல்" என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார். சாப்பாடு எப்போது என்று இராமச்சந்திரனை ஜாடையில் கேட்டார்.

 பிரசாந்த் துள்ளி எழுந்தார். அவருக்கு வியாபாரம் வாசனையிலேயே தெரிந்துவிடும். அமைச்சரின் மாநிலத்தில் ஒரு ஓட்டல் பயிற்சி மையம் தொடங்குவோம், கட்டடமும் மானியமும் அரசாங்கம் தரட்டும், தேறுகிறவர்களை மைசூர் ஓட்டல்களுக்கு அனுப்புவோம் என்றார். முதலீடு தேடி வந்த அமைச்சர், தன் பணத்தைக் கொடுத்துத் தன் ஆட்களையும் அனுப்பச் சம்மதித்து, அங்கேயே கையெழுத்துப் போட்டார். அமைச்சரின் ஊர்ப் பத்திரிகைகள் அதை 'வரலாற்று ஒப்பந்தம்' என்று எழுதின.

செய்தி கேட்டு நயன்மணி பிரசாந்திடம் ஓடினான். "மையத்துக்கு நான் போறேனுங்க. எனக்கு வேலை தெரியும், பாஷை தெரியும். அப்பாவும் இல்லீங்க, அம்மா தனியா இருக்காங்க."

"நீ போனா திரும்பி வருவியா?"

பொய் சொல்லத் தெரியாத நயன்மணி, மேஜைமேல் கிடந்த தட்டுகளை அடுக்கத் தொடங்கினான்.

"பேடப்பா, வேணாம். உன்ன மாதிரி ஆள் எனக்கு இங்க வேணும்" என்றார் பிரசாந்த். செயலாளர் இன்னொரு சிக்கலையும் சொன்னார். அவர்கள் மாநிலத்தில் புதிய நியமனத்துக்குத் தடை இருந்தது. உள்ளூர்க்காரரை நியமிக்க முடியாது. வெளிமாநிலத்திலிருந்து ஆலோசகர் என்று ஒருவர் வந்தால் தடை இல்லை.

இப்படியாக, அந்த மாநிலத்தில் அந்த வருஷம் அமைச்சர் உருவாக்கிய ஒரே வேலை கௌதள்ளி இராமச்சந்திரனுக்குக் கிடைத்தது.

லீலா முதலில் நம்பவில்லை. "அங்கிருந்து சனமெல்லாம் பொழைக்க இங்க வருது. நீங்க அங்க பொழைக்கப் போறீங்களா?"

"போகலைன்னா வேலையே இல்லைங்கறாரு மொதலாளி. என் எடத்துக்கு நயன்மணியப் போட்டாச்சு."

"அந்தத் தம்பிக்கு உங்க சம்பளமா?"

"பாதி."

அவள் மடித்த துணியை ஓரமாக வைத்தாள். "அந்தத் தம்பி சாப்பாட்டுக்கு என்ன பண்ணும்? ராத்திரிக்கு நம்ம வீட்டுக்கே வந்துரச் சொல்லுங்க" என்றாள்.

இராமச்சந்திரன் போய்ச் சேர்ந்தபோது பயிற்சி மையத்துக்குப் பெயர்ப்பலகை தயாராக இருந்தது. கூரை பாக்கி இருந்தது. வெள்ளத்தில் பாலம் போனதால் லாரி வராமல், காய்கறிக் கடையில் உருளைக்கிழங்கை மல்லிகைப்பூ மாதிரி ஐம்பது கிராம், நூறு கிராம் என்று நிறுத்து விற்றார்கள். வீடு பார்த்துக் கொடுத்த தரகர் கமிஷன் வேண்டாம் என்றார், தம்பிக்கு மைசூரில் ஒரு வேலை போதும் என்றார். முடிவெட்டுகிறவர் பாதி வெட்டிவிட்டு நிறுத்தி, தன் மகனைப் பற்றிச் சொன்னார். வகுப்பில் பட்டதாரிகள் தரையில் உட்கார்ந்து தட்டுப் பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள். ஒருநாள் அமைச்சரின் செயலாளரே வந்து, கதவைச் சாத்திவிட்டு, தன் அக்கா மகனின் சான்றிதழ்களை எடுத்து நீட்டினார். அவருக்கும் நாலு மாதமாகச் சம்பளம் வரவில்லையாம்.

ஒரு திங்கட்கிழமை இராமச்சந்திரன் நயன்மணியின் வீட்டைத் தேடிப் போனார். அமைச்சர் வீட்டுக்குப் பின்தெருவில் மூங்கில் தட்டி வைத்த வீடு. அம்மாவுக்கு அவர் மொழி தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தாள். மகன் டை கட்டியிருக்கும் படத்தை இராமச்சந்திரன் போனில் காட்டினார். அம்மா அதை விரலால் பெரிதாக்கி, அவன் கன்னத்தையே பார்த்தாள். இளைத்துவிட்டான் என்றாள். இல்லை, என் வீட்டுக்காரி தினமும் சோறு போடுகிறாள் என்றார் இவர்.

சோறும் மீனும் வைத்தாள். மாதேஸ்வரனுக்காகத் திங்கட்கிழமை மீன் தொடாதவர் அவர். அந்த முகத்தைப் பார்த்தபின் மறுக்க வாய் வரவில்லை. மனதுக்குள் சாமியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சாப்பிட்டார்.

அம்மா ஏதோ கேட்டாள். "அங்கே வெள்ளம் வருமா என்று கேட்கிறார்" என்றாள் அந்தப் பெண்.

"வராது."

"ஆலை மூடுமா?"

"ஓட்டலை மூடமாட்டார்கள். சனங்களுக்குப் பசி இருக்குமே."

அம்மா தலையை ஆட்டினாள். முந்தானையால் ஒரு தடவை மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்படியானால் வர வேண்டாம் என்று சொல்லுங்கள். அங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, அவர் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள்.