கேள்வியே கேட்காத ரொட்டிக்காரம்மா

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இது ஒரு நன்றிக் குறிப்பாகப் பிறந்த கதை. என் மகள் குழந்தைகள் மருத்துவமனையில் சில வாரங்கள் கிடந்து, நல்லபடியாக வீடு திரும்பினாள். வார்டுச் சுவரில் ஒட்டுவதற்கு நாலு வரி எழுதித் தரும்படி பெரிய சிஸ்டர் கேட்டார். 'அன்புள்ள டாக்டர்களுக்கும் சிஸ்டர்களுக்கும்' என்று ஆரம்பித்தேன். நாலாவது வரிக்குள் பக்கத்துக் கட்டில் அம்மா வந்து உட்கார்ந்துகொண்டார். எழுந்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நெஞ்சு நிறைய நன்றி இருக்கிறது. பின்னால் நான் குறை சொல்வதுபோலத் தெரிந்தால் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக இதை முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: 'கண்ணீரும் கம்பலையுமாக அந்தத் தாய்...'

வேண்டாம். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

இரண்டாம் தொடக்கம்: ரொட்டித் தொழிற்சாலையில் ரொட்டிகளை உறையில் போட்டு ஒட்டுகிற வேலை அவருக்கு. விடியும்முன் போனால் மதியம் தாண்டித்தான் விடுவார்கள். பஸ் பிடித்து வார்டுக்குள் நுழையும்போது நாலு மணியாகிவிடும். ஆள் வருமுன் ரொட்டி வாசனை வந்துவிடும். அதனால் பிள்ளைகள் வைத்த பெயர் ரொட்டிக்காரம்மா. மகனுக்கு ஏழு வயது, அப்பா இல்லை. இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு நாளைத் தள்ளுகிறவன். பேச்செல்லாம் பெரிய ஆள் பேச்சு என்பதால் அவனுக்குப் பெரியமனுஷன் என்று பெயர். "என்னம்மா, இன்னிக்காவது பஸ்ல உக்கார இடம் கெடச்சுதா?" என்றுதான் அம்மாவை வரவேற்பான்.

(இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.)

பெரியமனுஷனுக்கு மாற்றுச் சிறுநீரகம் வேண்டும். அது கிடைக்குமா, கிடைக்காதா என்பதுதான் கதை. மற்றதெல்லாம் என் வாயாடித்தனம்.

3

ரொட்டிக்காரம்மா யாரிடமும் ஒரு கேள்வி கேட்க மாட்டார். "ஏதாவது கேக்கணுமாம்மா?" என்றால், "ஒண்ணுமில்லைங்க, நீங்க பாத்துக்குவீங்க" என்று சிரிப்பார். பொறுக்க மாட்டாமல் ஒருநாள் நானே காரணம் கேட்டேன்.

"காசு வாங்காம பாக்குறாங்க. பெத்த புள்ள மாதிரி பாக்குறாங்க. அவங்ககிட்ட போய் நொய்நொய்னு கேள்வி கேட்டா நல்லாவா இருக்கும்?"

என் கதை வேறு. லிஃப்ட் கதவு மூடும்வரை டாக்டரைத் துரத்திக் கேள்வி கேட்கிற ரகம் நான். கேட்டதற்கெல்லாம் பதில் கிடைத்தது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்! ஆனால் எழுதும்போது இந்தப் பழமொழி தொண்டையில் முள்ளாகக் குத்துகிறது. மருத்துவமனையும் இதை நம்பியே நடந்தால், வாயில்லாதவர் பெற்ற பிள்ளை எங்கே போகும்? அம்மாவின் சாமர்த்தியத்தைப் பார்த்தா நோய் வருகிறது?*

* இந்த இடம் கட்டுரைபோல இருக்கிறது என்றார் படித்துப் பார்த்த நண்பர். இருக்கட்டும். கட்டுரைக்கும் கோபம் வரும்.

4

மாற்றுச் சிறுநீரகம் பற்றிப் பெற்றோருக்கு வார்டில் ஒரு வகுப்பு நடக்கும், காலை பத்து மணிக்கு. அம்மாவோ அப்பாவோ தங்களுடைய ஒரு சிறுநீரகத்தைத் தரலாம், பொருந்தினால் போதும் என்பதை அங்கேதான் விளக்குவார்கள். பத்து மணிக்கு ரொட்டிக்காரம்மா தொழிற்சாலையில் இருப்பார். அப்படி ஒரு வகுப்பு நடப்பதே அவருக்குத் தெரியாது.

வார்டிலோ, எல்லாருக்கும் சொன்னதுதானே, இவருக்கும் தெரிந்திருக்கும் என்ற நினைப்பு. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை என்றால் தர விருப்பமில்லை என்றுதானே அர்த்தம்? எந்த அம்மாவையும் வற்புறுத்தக் கூடாது என்பது அவர்கள் தர்மம். மரியாதையாக ஒதுங்கிக்கொண்டார்கள். முன்பின் தெரியாத யாரோ தரப்போகும் சிறுநீரகத்துக்காகப் பையன் காத்துக் கிடந்தான்.

இந்த இடத்தில் கதைக்கு ஒரு வில்லி தேவைப்பட்டார். சிறுநீரக டாக்டரை ஆக்கிப் பார்த்தேன். 'கண்ணாடிக்கு மேலாக ஏளனமாக நோக்கிய அவர்...'

முடியவில்லை. பிள்ளைகளைத் தொடுவதற்கு முன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்கிற மனுஷி அவர். என் மகள் வயிற்றைத் தொட்டதும் அந்தக் கைதான். ஆக, எல்லாரும் நல்லவர்களாகவே இருந்தார்கள், பிள்ளை காத்துக்கொண்டே இருந்தான்.

5

அப்புறம் ஒருநாள் வார்டுக் கூட்டத்தில் ஒரு குரல் எழுந்தது: "அந்தம்மா மாட்டேன்னு யார்கிட்ட சொன்னாங்க?"

ஃபைலைப் புரட்டிப் பார்த்தார்கள். அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவரை யாரும் கேட்டிருக்கவும் இல்லை.

குரல் யாருடையது என்பதில்தான் எனக்குச் சிக்கல். டாக்டரிடம் விசாரித்தேன். "நான் இல்லைங்க, பெரிய சிஸ்டர்தான் கேட்டாங்க. அப்பதான் எனக்கே உறைச்சுது." சிஸ்டரிடம் போனால், "ஐயோ, கேட்டது டாக்டருங்க. நான் பக்கத்துல உக்காந்திருந்தேன், அவ்வளவுதான்."

கதாசிரியர் என்ற முறையில் நான் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாட்டேன். நல்லதைச் செய்துவிட்டு அதை அடுத்தவர் தலையில் கட்டுகிற இரண்டு பேர் ஒரே வார்டில் கிடைத்தார்கள். இரண்டு பேரும் நன்றாக இருக்கட்டும். அந்த வாரத்திலிருந்து வகுப்பு மாலையிலும் நடக்கிறது. வர முடியாதவர்களைத் தேடிப் போய்ச் சொல்கிறார்கள்.

6

கூட்டம் நடந்த மறுநாள் நாலு மணிக்கு டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பெரியமனுஷனின் கட்டிலருகே உட்கார்ந்தார். நான் மகளுக்குத் தலை வாருகிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"இங்க வர்ற எல்லா அம்மாவுக்கும் கேள்வி இருக்கும்மா. உங்க முதல் கேள்வி என்ன?"

"ஒண்ணுமில்லைங்க, நீங்க பாத்து..."

"நான் பாத்துக்குறேன், சரி. முதல் கேள்வி?" டாக்டர் எழுந்திருப்பதாக இல்லை.

"இவனுக்கு ரொட்டி குடுக்கலாங்களா? உப்பு ஆகாதுன்னாங்க. கொண்டுவர்றேன், திருப்பி எடுத்துட்டுப் போயிடறேன்."

"நானும் கேளு கேளுன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன்" என்றான் பெரியமனுஷன்.

எவ்வளவு தரலாம் என்று டாக்டர் விளக்கினார். "ரெண்டாவது?"

ரொட்டிக்காரம்மா போர்வையின் ஓரத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"தப்பா இருந்தா மன்னிச்சுக்குங்க. என்னோட கிட்னிய எடுத்து இவனுக்கு வைக்க முடியுங்களா? இல்ல, எங்கள மாதிரி ஆளுங்களோடது ஆகாதுங்களா?"

டாக்டரின் முகம்...

(மூன்று விதமாக எழுதி மூன்றையும் அடித்துவிட்டேன்.)

"ஆகும்மா" என்றார். "டெஸ்ட் பண்ணித்தான் பாக்கணும். ஆனா ஆகும். இத நாங்கதான் தேடி வந்து சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டுட்டோம். மன்னிச்சுக்குங்க."

"அதெல்லாம் எதுக்குங்க!" ரொட்டிக்காரம்மா பதறிப்போனார். "ரொம்ப நன்றிங்க. ரொம்ப ரொம்ப நன்றிங்க."

(சேர வேண்டியதைப் பெற்றுக்கொள்ள ஒருவர் ஏன் இத்தனை நன்றி சொல்ல வேண்டும் என்று இங்கே ஒரு பக்கம் பொரிந்து தள்ளியிருந்தேன். கிழித்துவிட்டேன். சந்தோஷம் அவருடையது, அதில் கைவைக்க நான் யார்? அன்று எனக்கும் கண் கலங்கியது.)

7

முடிவு அ: பொருந்தியது. பெரியமனுஷன் மெஷினுக்குப் போகவேண்டிய...

முடிவு ஆ: பொருந்தவில்லை. ஆனாலும் அவர்...

எதை வைப்பது? பரிசோதனைகள் முடிந்துவிட்டன, ரிப்போர்ட் வரவில்லை. எழுதியவரை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கே போனேன். ரொட்டிக்காரம்மா டாக்டர் அறைக் கதவுக்கு எதிரே, தாழ்வாரத்துப் பெஞ்சில் இருந்தார். வாசித்துக் காட்டினேன். இப்போதெல்லாம் அவர் கேள்வி கேட்கிறார்.

"முடிவு உங்க கையிலதானே இருக்கு?"

"கதையில, ஆமா."

"பொருந்திடுச்சுன்னு எழுதப் போறீங்களா?"

"நீங்க சொன்னா இப்பவே எழுதிடறேன்."

அவருக்கு ஆசைதான், முகத்தில் தெரிந்தது. கதவைப் பார்த்தார்.

"வேணாங்க. நல்லாயிட்டான்னு எழுதிட்டா, படிக்கிறவங்க நிம்மதியா மூடி வெச்சுட்டுப் போயிடுவாங்க. ரிப்போர்ட் வர்ற வரைக்கும் யாராச்சும் கூட உக்காந்திருந்தா தேவலாம்னு இருக்கு."

அதனால் இரண்டு முடிவையும் அடித்துவிட்டேன். ரிப்போர்ட் அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்து வர வேண்டும். ரொட்டிக்காரம்மா பக்கத்திலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் நகர்ந்து இடம் விடுகிறார்.

உட்காருங்கள்.