வராதவர்களுக்குப் போட்ட பூஜ்யம்

…அப்படியென்றால் காலியாகத்தான் விட்டிருக்க வேண்டும், காலியாக விடுவது வேறு, பூஜ்யம் போடுவது வேறு, இது புரிய ஒரு மாலை வகுப்பும் அதற்கொரு வாத்தியாரும் வேண்டியிருந்ததா? பரீட்சைக்கு வராத பையனும் எழுதி முட்டை வாங்கிய பையனும் ஒன்றா என்று அவர் பலகையைத் தட்டிக் கேட்டபோது கம்ப்யூட்டர் வகுப்பே சிரித்தது, நீலாவும் சிரித்தாள், பாதிச் சிரிப்பில் தன் ஷீட் ஞாபகம் வந்துவிட்டது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வரும் இப்போதும் அதே ஞாபகம்தான். "புடே சலா, புடே சலா" என்று மராத்தியில் முன்னே போகச் சொல்கிறார் கண்டக்டர், முன்னே எங்கே போவது, முன்னால் ஒரு அம்மாளின் வெந்தயக்கீரைப் பை, அதற்கு முன்னால் நாளைக் காலை. எலிகளுக்குக் கேட்ட மருந்து மனிதர்களின் மூட்டுவலிக்கும் கேட்கிறதா என்று ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவு பார்த்துக்கொண்டிருக்கிறது, டாக்டர்கள் கிறுக்கித் தருவதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவள் வேலை. வலி எவ்வளவு என்று ஒரு கட்டம், பத்து என்றால் தாங்க முடியாத வலி, பூஜ்யம் என்றால் வலியே இல்லை. கடைசித் தடவை வராதவர்களின் கட்டங்கள் காலியாகக் கிடந்தன. காலிக் கட்டத்தைப் பார்த்தால் அவளுக்குப் பல் விழுந்த வாயைப் பார்ப்பது போல இருக்கும்… ஒரே இழுப்பில் எல்லாவற்றையும் நிரப்பினாள். யாரும் செய்யச் சொல்லவில்லை. அழகாக இருந்தது.

"உங்க ஷீட்டுக்குள்ள செருப்பைக் கழட்டிட்டுத்தான் வரணும் போல நீலா, பூஜையறை மாதிரி வச்சிருக்கீங்க" என்றார் டாக்டர் ரவிச்சந்திரன், கோயம்புத்தூர்க்காரர், அந்த மாடியில் அவளோடு தமிழ் பேசும் ஒரே ஆள். இன்று மதியம் கணக்கு வந்ததும் மேஜையில் தாளம் போட்டார், "மருந்து பேசுதுங்க, நல்லாவே பேசுது." நாளைக் காலை அதை எடுத்துக்கொண்டு டெல்லி போகிறார், அங்கே மேலிடத்தில் தலையசைத்தால் மாத்திரை இன்னும் எத்தனையோ ஊர்களுக்குப் போகும். பேசியது மருந்தா, இவள் போட்ட பூஜ்யமா? இத்தனை பூஜ்யம் எங்கிருந்து வந்தது என்று அவராவது கேட்டிருக்கலாமே, அவ்வளவு படித்தவர்… ஏன் கேட்கவில்லை? இறங்கியதும் பூத்திலிருந்து போன் செய்தால் என்ன சொல்வார், ஏங்க, இதை இப்பச் சொல்றீங்களே என்பாரா, அடுத்த மாதம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது அவள் பெயரை விட்டுவிடுவாரா, காலியாக?

இஸ்மாயில் பாயை நினைக்கக் கூடாது என்று நினைத்தாள், நினைத்தாகிவிட்டது. ஏரவாடாவில் மூட்டை தூக்குகிறவர், மூட்டுவலிக்கு அந்த மருந்தைச் சாப்பிட்டு வந்தவர்களில் ஒருவர். வலிக்கு எப்படி நம்பர் சொல்றது மகளே, மூட்டைன்னா கிலோ சொல்வேன் என்று ஒவ்வொரு தடவையும் இந்தியில் கேலி செய்வார். கடைசியாக வந்த அன்று கேலி இல்லை. பெஞ்சில் சாய்ந்து, "பூக் நஹீ லக்தீ, பேட்டி" என்றார், பசிக்கவே மாட்டேனென்கிறது மகளே என்று. டாக்டரிடம் சொல்லுங்கள் என்றாள். சொன்னாரா? பசிக்கு அந்தத் தாளில் கட்டம் கிடையாது. கண்கள் மஞ்சளாக இருந்தனவா, இல்லை, இப்போது இவளாக மஞ்சள் பூசுகிறாளா… அதற்குப் பிறகு அவர் வரவில்லை. அவருக்கும் ஒரு பூஜ்யம். வலியே இல்லாத இஸ்மாயில் பாய்.

பாலம் தாண்டி ஏரவாடா நிறுத்தத்தில் பஸ் நின்றது. ஜன்னல் பக்கம் குனிந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள், ஆரஞ்சு வண்டிக்காரர், செங்கல் தூசி படிந்த பெண்கள், தாடி வைத்த ஒருவர், அவரில்லை. நன்றாகியிருந்தாலும் வராமல் இருந்திருக்கலாமே, கால் வலி போன பிறகு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு யார் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பார்கள்? அப்படியானால் பூஜ்யம் சரிதானே? கடவுளே, அவர் நன்றாக இருக்கட்டும், மூட்டை தூக்கிக்கொண்டு நடக்கட்டும், வயிறு நிறையச் சாப்பிடட்டும்… கண்ணை மூடி மனதார வேண்டிக்கொண்டாள். மணி அடித்தது, பஸ் நகர்ந்தது. நகர்ந்த பிறகுதான் உறைத்தது, அவர் வராமல் போன இத்தனை மாதங்களும் இந்த நிறுத்தத்தைக் காலையும் மாலையும் கடந்துதான் போயிருக்கிறாள், ஒரு நாளும் அவரைத் தேடி ஜன்னல் பக்கம் குனிந்ததில்லை.