மானியம் கிடைத்த நாடகம்

கடிதம் வந்த நாளிலிருந்து நல்லம்மாளால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. மலேசியாவின் ஈப்போவில் துணி தைக்கும் தொழிற்சாலையில் ஆறு வருடமாகச் சட்டைக்குக் கை வைத்துத் தைப்பவள், அந்த வாரம் நான்கு சட்டைகளுக்கு இடக்கையை வலப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டாள். மேற்பார்வை பார்க்கும் சீனப் பெண்மணி நான்கையும் தூக்கிக் காட்டி, உடம்புக்கு என்ன என்று மலாயில் கேட்டாள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. அவள் எழுதிய நாடகத்துக்கு மானியம் கிடைத்திருந்தது.

நகரத்து வியாபாரிகள் சிலரும் ஆசிரியர்கள் சிலரும் சேர்ந்து தொடங்கிய கலை நிதி அது. எந்தச் சங்கத்தையும் சேராமல் தனியாக எழுதுகிறவர், வரைகிறவர், பாட்டுக் கட்டுகிறவர் யாராவது ஒருவருடைய புதிய படைப்புக்கு வருடத்துக்கு ஒரு முறை பணம் கொடுப்பார்கள். தேர்வானதும் பாதி, ஒத்திகை முடிந்ததும் மண்டப வாடகைக்கு மீதி. அந்த 1978ஆம் வருடம் பதினேழு பேர் விண்ணப்பித்ததில் நல்லம்மாளின் 'கரையில் நின்றவள்' தேர்வாகியிருந்தது. தமிழ்ப் பத்திரிகையின் பேராக் மாநிலச் செய்திகளில் அவள் பெயரும் கதைச் சுருக்கமும் வந்தன.

கதைச் சுருக்கம்தான் வினையாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை ஈப்போவின் புந்தோங் பகுதியில் அவள் வாடகைக்கு இருந்த அறையின் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் முத்தம்மா. நல்லம்மாளின் ஒரே அக்காள். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் இருப்பவள், பொங்கலுக்கு அழைத்தால்கூட வராதவள், இரண்டு பஸ் மாறி வந்து நின்றாள். கையில் அந்தப் பத்திரிகைத் தாள் மடித்து இருந்தது.

"இது யாரு கதைடீ?"

"உள்ள வாக்கா. உக்காரு."

"உக்கார வரல. தோட்டத்து ஆபீஸ் கிராணி வீட்டம்மா படிச்சிக் காட்டுச்சி. புருசன் பொண்டாட்டிய பினாங்குக் கரையில விட்டுட்டு, அவளுக்குத் தெரியாம கப்பல் ஏறிப் போயிட்டான். அவ அழுதுகிட்டே நின்னா. இது என் கதை இல்லாம வேற யாரு கதை?"

அக்காளின் கதைதான். எழுபதாம் வருடம், குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்தபோது, குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் பலர் தோட்டத்தை விட்டு இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். முத்தம்மாவின் புருஷன் அர்ச்சுனனும் போனான். நல்லம்மாள் அப்போது ஈப்போவில் ஒரு டாக்டர் வீட்டில் வேலைக்கு இருந்தாள். அவள் காதுக்கு வந்ததெல்லாம், அத்தான் அக்காளை ஏமாற்றி விட்டுவிட்டுப் போய்விட்டார் என்பதுதான். எட்டு வருடமாகத் தோட்டமே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

"பேரு எதுவும் போடலக்கா. யாருக்கும் தெரியாது."

"தோட்டத்துல தெரியாத ஆளு யாரு?"

"நீ பட்ட கஷ்டத்தத்தானே எழுதியிருக்கேன்? உன்ன ஒரு வார்த்தை தப்பா எழுதலியே."

"என்னைய எழுதினதுக்கா நான் இவ்வளவு தூரம் வந்தேன்?" முத்தம்மா அப்போதுதான் உட்கார்ந்தாள். கட்டிலில் இல்லை, வாசல்படியிலேயே. "அந்த மனுசன ஏன் கெட்டவனாக்கி வச்சிருக்க?"

நல்லம்மாளுக்குப் புரியவில்லை. ஸ்டவ்வைப் பற்றவைத்தாள், அணைத்தாள், மறுபடி பற்றவைத்தாள். தேத்தண்ணீர் கொதித்தது. முத்தம்மா வெளியே ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அவரு எனக்கும் சேத்துத்தான் டிக்கெட்டு எடுத்தாரு. பெட்டியெல்லாம் கட்டி, ரெண்டு பேரும்தான் பினாங்குக்குப் போனோம். கப்பலப் பாத்ததும் எனக்குக் காலு நவரல. பயமில்ல. நான் பொறந்தது இந்தத் தோட்டத்து ரெண்டாம் டிவிஷன் லயத்து வீட்டுல. அவரு ஊரு எந்தப் பக்கம்னுகூட எனக்குத் தெரியாது. நான் வரலன்னு சொல்லிட்டேன். அவரு அரை மணி நேரம் கெஞ்சினாரு. அப்புறம் என் பெட்டிய எறக்கி வச்சிட்டு, 'நான் ஏமாத்திட்டுப் போயிட்டேன்னு சொல்லிக்க முத்து. உன்ன யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க'ன்னு சொல்லிட்டு ஏறிட்டாரு."

"நீ அழுதியா?"

"இல்ல. அழுதேன்னு எழுதாத. பஸ்ஸு ஏறினதும் தூங்கிட்டேன். பட்டர்வொர்த்துல இருந்து தைப்பிங் வரைக்கும் நல்ல தூக்கம்."

அன்று மத்தியானம் முத்தம்மா திரும்பிப் போன பிறகு நல்லம்மாள் நாடகத்தை எடுத்தாள். கரையில் நின்று அழும் காட்சி நான்கு பக்கம். தேர்வுக் குழுவினர் கண்கலங்கிய காட்சி என்று கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள். அதைப் படிக்கப் படிக்க அவளுக்குக் கூசியது. இத்தனை வருடமும் தானே கண்டதுபோல் நம்பியதெல்லாம் ஊர்வாய்ப் பேச்சு. நடுக்காட்டில் விட்டதுபோல் இருந்தது. நடந்தாள். புந்தோங்கிலிருந்து ரயில் நிலையம்வரை போய்த் திரும்பினாள். மறுநாள் வேலை முடிந்ததும் நேரே அறைக்கு வந்து புதிதாக எழுத ஆரம்பித்தாள். ஒரு நாள் அக்காள் பக்கம் நியாயம் இருப்பதாகத் தோன்றும். மறுநாள் அத்தான் பக்கம். எழுதியதைக் கிழிப்பதும், கிழித்ததை ஒட்டவைத்துப் படிப்பதுமாக ஐந்து வாரம் போயிற்று.

புதிய நாடகத்தை நிதியின் செயலாளர் ஸ்டானிஸ்லாஸிடம் கொடுத்தாள். பள்ளி ஆசிரியர், நல்ல மனிதர். படித்துவிட்டு, "அக்கா, இது நல்லா இருக்கு. அதான் எனக்குப் பயமா இருக்கு," என்றார்.

அவர் பயந்தபடியே குழு அவளைக் கூப்பிட்டது. தலைவர் கார்த்திகேசு, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரி. அவளுக்கு நாற்காலி போடச் சொல்லிவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார்.

"அம்மா, நாங்கள் மானியம் தந்தது ஒரு கதைக்கு. நீங்கள் கொண்டு வந்திருப்பது வேறு கதை. முதலில் இருந்தவள் பாவப்பட்ட பெண். இவள் கட்டின புருஷனைக் கப்பலில் ஏற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறாள். குடும்பத்தோடு வருகிற சனங்கள் இதை எப்படிப் பார்ப்பார்கள்?"

"விண்ணப்பத்துல 'சொந்தப் படைப்பா'ன்னு ஒரு கேள்வி இருந்துச்சிங்க ஐயா. ஆமான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது பொய். மொதல்ல குடுத்தது ஊரு சொன்ன கதை. இதுதான் நான் எழுதினது."

கார்த்திகேசு மேசையைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "கொடுத்ததைத் திருப்பிக் கேட்க மாட்டோம். ஆனால் இந்த நாடகத்துக்கு எங்கள் பெயர் வேண்டாம். மீதியும் தர இயலாது," என்றார். ஸ்டானிஸ்லாஸ் அதைக் குறிப்பேட்டில் எழுதும்போது தலை நிமிரவே இல்லை.

மீதி இல்லையென்றால் நகரத்து மண்டபம் இல்லை. நடிக்க ஒத்துக்கொண்டவர்களில் இரண்டு பேர் கழன்றுகொண்டார்கள். கணவனாக நடிக்கும் பஸ் கண்டக்டர் ஜெயபாலனும், மனைவியாக நடிக்கும் தொழிற்சாலைத் தோழி இசபெல்லாவும் மட்டும் மிஞ்சினார்கள். நல்லம்மாள் கோயில் மண்டபம் கேட்டாள், தேவாலய மண்டபம் கேட்டாள், பள்ளிக்கூடம் கேட்டாள். எல்லாரும் கதையைக் கேட்டார்கள். கேட்டுவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள்.

இடம் பிடித்துக் கொடுத்தது முத்தம்மா. தோட்டத்தில் ரப்பர்ப் பால்மரங்களை வெட்டி, எண்ணெய்க்குச் செம்பனை நட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. ரப்பர் ஆலைக் கொட்டகை சும்மா பூட்டிக் கிடந்தது. அவள் கிராணியைப் போய்ப் பார்த்துச் சாவி வாங்கிவிட்டாள்.

"அங்கயா? உன்னத் தெரிஞ்ச ஆளுங்க முன்னாலயா?" நல்லம்மாள் பதறினாள்.

"தெரியாதவங்க முன்னால போட்டு என்ன செய்ய? ஆனா நான்தான்னு எங்கயும் சொல்லாத."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு நாடகம். பாய் விரித்து எழுபது எண்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கடைசி வரிசையில் ஸ்டானிஸ்லாஸ் தன் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். நல்லம்மாள் பக்கவாட்டுக் கதவருகே நின்று, நடிப்பவர்களின் வசனத்தை வாய்க்குள் தானும் சொல்லிக்கொண்டிருந்தாள். துறைமுகக் காட்சி வந்தது. இசபெல்லா, "நான் வரல," என்றாள். ஜெயபாலன் வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்து மழை கொட்டியது.

தகரக் கூரையில் மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவன் கத்துவதுகூடக் கேட்காது. ஜெயபாலன் இரண்டு முறை கத்திப் பார்த்துவிட்டு நிறுத்தினான். இருவரும் மேடையிலேயே பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டார்கள். ஆனால் பார்க்க வந்தவர்களில் ஒருவரும் எழுந்து போகவில்லை. மழை சற்றுக் குறைந்ததும் சனங்கள் தங்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள்.

"புருசன் கூப்பிட்டா போவணும்லா," என்றார் சீனி. வேலையாட்களை மேற்பார்த்த பழைய மண்டோர் அவர். "இவ என்ன பொம்பள?"

"என் தம்பி சம்சாரம் அவன்கூடத்தான் போச்சி. ரெண்டு வருசத்துல செத்தும் போச்சி," என்றது இன்னொரு குரல்.

"அதுக்காவ? கூடப் போவாதவ கல்நெஞ்சுக்காரிதான்," என்றாள் மாரியம்மா. எட்டு வருடமாக முத்தம்மாவுக்காகப் பரிதாபப்பட்டு, தீபாவளி தவறாமல் பலகாரம் கொண்டுவந்து கொடுப்பவள். "நம்ம முத்தம்மா ஏமாந்து நின்னது தெரிஞ்சும் அவ தங்கச்சியே இப்படி எழுதலாமா?"

முன்வரிசையில் இருந்த முத்தம்மா மாரியம்மாவின் பக்கம் திரும்பினாள். நல்லம்மாள் கதவருகிலிருந்து தலையை ஆட்டினாள், வேண்டாம் வேண்டாம் என்று.

"அக்கா, நான் ஏமாறல," என்றாள் முத்தம்மா. குரல் உயரவில்லை. ஆனால் கொட்டகையில் எல்லாருக்கும் கேட்டது. "அவரு எனக்கு டிக்கெட்டு எடுத்தாரு. நான்தான் போவல. உங்க பலகாரத்தையெல்லாம் பொய் சொல்லித்தான் தின்னேன்."

சீனி மண்டோர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். யாருக்கும் யாரைப் பார்ப்பது என்று தெரியவில்லை. சீனிதான், "ஏம்ப்பா, மழை விட்டுருச்சி. மேல நடிங்க," என்றார். நாடகம் தொடர்ந்தது. முடிந்தபோது சிலர் கைதட்டினார்கள். மாரியம்மா தட்டாமல் எழுந்து போனாள்.

ஸ்டானிஸ்லாஸ் வெளியே வந்து, அடுத்த வருடமும் விண்ணப்பிக்கச் சொன்னார். நல்லம்மாள் சரி என்றாள். மனசு அதில் இல்லை. கடைசிக் காட்சி இன்னும் சரியில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கணவன் போன பிறகு அந்தப் பெண் என்ன நினைத்திருப்பாள் என்பது நல்லம்மாளுக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஐந்தே முக்கால் பஸ்ஸுக்கு முத்தம்மா அவளை ரோடுவரை கொண்டுவிட வந்தாள். பாதி வழியில், "பையில பேனா இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு. எதுக்கு?"

"அவருக்கு ஒரு கடுதாசி போடணும். அவரு தங்கச்சி வீட்டு விலாசம் எங்கிட்ட இருக்கு. நாடகம் மாதிரி எழுதாத. நான் சொல்றத மட்டும் எழுது."

இருவரும் பஸ் நிற்கும் இடத்துச் சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்தார்கள். நல்லம்மாள் நோட்டின் பின்பக்கத்தைப் பிரித்து மடிமேல் வைத்துக்கொண்டாள். பஸ் வந்து, கண்டக்டர் குரல் கொடுத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். முத்தம்மா இன்னும் முதல் வரியை யோசித்துக்கொண்டிருந்தாள்.