சட்டை போட்டுக்கொண்டு வருவதற்குள்

தணிகாசலம் சட்டை போட்டு முடித்தபோது தலை முழுக்க நரைத்திருந்தது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அந்தச் சட்டைக்குப் பொத்தான் அதிகம்.

நடந்தது இவ்வளவுதான். காலையில் தொலைபேசி அடித்தது. இடுப்பில் ஈரத் துண்டோடு வந்து ரிசீவரை எடுத்தார்.

"நான்தான் பேசறேன்."

"யாரு, அம்சாவா?"

"வேற யாரு உங்களைக் கூப்பிடப் போறா?"

அம்சவல்லி அவருடைய மனைவி. தங்கை மகளின் காதுகுத்துக்கு என்று போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். அதற்கும் இவர்தான் காரணம். எங்கே கிளம்பினாலும் அவள் தலை வாரிப் பூ வைத்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள். இவர் உள்ளே இருந்து "இதோ, ஒரு நிமிஷம்" என்பார். அந்த ஒரு நிமிஷத்தில் பேருந்து போய்விடும். முகூர்த்தம் போய்விடும். ஒரு தடவை அவர்கள் படம் பார்க்கப் போகவிருந்த சினிமாக் கொட்டகையையே இடித்துக் கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள். காதுகுத்தன்றும் அவள் வாசலில் நின்றாள். இவர் வேட்டியின் மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். வெளியே வந்து பார்த்தால் வாசலில் வெயில் மட்டும் நின்றது.

அவள் போன நாளிலிருந்து தணிகாசலம் ஒரே ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துவைத்திருந்தார். 'தப்பு என்னுதுதான், வந்துடு அம்சா.' குளிக்கும்போது சொல்லிப் பார்ப்பார். வாழைக்காய் நறுக்கும்போது சொல்லிப் பார்ப்பார். இப்போது சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

அப்போதுதான் தன் வெற்று மார்பைக் கவனித்தார்.

தணிகாசலம் வெற்றுடம்போடு யாரிடமும் பேசுகிறவர் இல்லை. பால்காரரிடம் பால் வாங்க இஸ்திரி போட்ட சட்டை. கீரைக்காரம்மாவிடம் பேரம் பேச முழுக்கைச் சட்டை. மன்னிப்புக் கேட்பது என்றால் நீலக் கோடு போட்ட சட்டைதான் சரி.

"அம்சா, லைன்லயே இரு. சட்டை போட்டுட்டு வந்துடறேன்."

"போன்ல யாருங்க சட்டையைப் பாக்கப் போறா?"

"ஒரு நிமிஷம்."

ரிசீவரை மேசைமேல் படுக்க வைத்துவிட்டு உள்ளே போனார். முதல் பொத்தானைப் போட்டார். இரண்டாவதைப் போட்டார். வயிற்றுக்குக் கீழே இன்னொன்று இருந்தது. அதற்கும் கீழே இன்னொன்று. போடப் போடச் சட்டை கீழே வளர்ந்தது. கட்டிலைத் தாண்டி, பீரோவைச் சுற்றிக்கொண்டு, சமையலறைக்குள் போயிற்று. அவரும் குனிந்தபடி பொத்தான் போட்டுக்கொண்டே பின்னால் போனார். நடுவில் மழைக்காலம் வந்தது. எதிர்வீட்டில் மாடி எழுப்பினார்கள், வண்ணம் பூசினார்கள், வண்ணம் உரிந்தது. கடைசிப் பொத்தானைப் போட்டு நிமிர்ந்தபோது சட்டை அளவாகத்தான் இருந்தது. கழுத்துப்பட்டி மட்டும் கொஞ்சம் நைந்திருந்தது.

ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார்.

"அம்சா?"

உள்ளே காலி வீட்டின் சத்தம் கேட்டது. அவள் லைனில் இல்லை.

அம்சவல்லி சொன்ன சொல்லை மீறுகிறவள் அல்ல. லைனில் இரு என்றால் இருப்பாள். ஆகவே லைன்தான் எங்கோ போயிருக்க வேண்டும். தணிகாசலம் செருப்பை மாட்டிக்கொண்டு, தொலைபேசிக் கம்பியைப் பிடித்தபடி வெளியே நடந்தார்.

கம்பி தெருமுனைக் கம்பத்தில் ஏறியது. உச்சியில் மின்வாரிய லைன்மேன் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார். கம்பியில் அவருடைய பனியன் காய்ந்தது. டிபன் கேரியர் தொங்கியது.

"சார், கீழயே நில்லுங்க. என்ன வேணும்?"

"என் சம்சாரம் லைன்ல இருந்தா. காணோம்."

"எச்.டி.யா, எல்.டி.யா? உயர் அழுத்தமா, தாழ்வழுத்தமா?"

"புரியலையே."

"கோவம் வந்தா சுருக்குன்னு இருக்குமா, இல்ல ஆளையே தூக்கி அடிக்குமா?"

தணிகாசலம் யோசித்தார். "கோவமே படமாட்டா. பையை எடுத்துட்டுப் போயிடுவா."

"அப்ப எச்.டி.தான். அதைத் தொடக்கூட வேணாம் சார், பக்கத்துல போனாலே முடிஞ்சுது." லைன்மேன் ஒரு வாய் தயிர்சாதம் சாப்பிட்டார். "வந்தாங்க. இந்தக் கம்பியிலதான் ரொம்ப நாள் நின்னாங்க. பாவம், காக்காயெல்லாம் பழகிடுச்சு. அம்மா, இது கரண்ட் லைன், பராமரிப்பு வேலை இருக்கு, எறங்குங்கன்னேன். அவரு லைன்ல இருக்கச் சொன்னாரு, இது இல்லன்னா வேற எங்க இருக்குன்னு கேட்டாங்க. ஸ்டேஷன் பக்கம் ஒண்ணு இருக்குன்னு சொன்னேன்."

"என்னைப் பத்தி எதாவது சொன்னாளா?"

"சட்டை போட்டுட்டிருக்காருன்னாங்க. குரல்ல கோவமே இல்ல சார். அதான் எனக்கு பயமா இருந்துச்சு."

ரயில் நிலையம் பக்கத்தில்தான். ஆனால் அவர் நடக்க நடக்க அது மரியாதைக்காகப் பின்னுக்கு நகர்ந்தது. ஒருவழியாகக் களைத்துப்போய் ஓரிடத்தில் நின்றது. ஸ்டேஷன் மாஸ்டர் பச்சைக்கொடியால் முகம் துடைத்துக்கொண்டு வந்தார்.

"யாரு, சட்டைக்காரரா? வாங்க வாங்க. கேள்விப்பட்டிருக்கேன்."

"அவ இங்க வந்தாளா?"

"வராம? மெயின் லைன்ல நிக்கறேன்னாங்க. மெயின் லைன் போறவங்களுக்கும்மா, காத்திருக்கறவங்களுக்கு லூப் லைன்தான்னு ஓரமா நிறுத்தினேன்." அவர் துருப்பிடித்த ஒரு தண்டவாளத்தைக் காட்டினார். அதன் நடுவில் புல் முளைத்திருந்தது. இரண்டு பாதங்களின் அளவுக்கு மட்டும் புல் இல்லை. "எக்ஸ்பிரஸுக்கு வழி விட்டாங்க. பாசஞ்சருக்கு விட்டாங்க. கூட்ஸுக்கு விட்டாங்க. கடைசியில பட்டாணி வண்டிக்காரன் ஒருத்தன் வந்தான், அவனுக்கும் விட்டாங்க. அப்படி ஒரு பொறுமைய நான் எந்த எஞ்சின்கிட்டயும் பாத்ததில்ல."

"அப்புறம்?"

"பசிக்குதுன்னு வடை வாங்கினாங்க. உங்களுக்கும் ஒண்ணு எடுத்து வச்சாங்க. ஆறிப்போறதுக்குள்ள வந்துடுவாருன்னாங்க."

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். வடை இன்னும் சூடாக இருந்தது. ஆறாமல் இருக்க அது பட்ட பாடு பொட்டலத்தில் தெரிந்தது. தணிகாசலம் பொட்டலத்தை முகர்ந்து பார்த்தார். சாப்பிட மனம் வரவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"போகலாம்னு லைன் கிளியர் குடுத்துட்டேன் சார், அவங்களுக்கு. நானா குடுக்கல, அவங்களும் கேக்கல. புல்லு வளந்துச்சு, அதுவா குடுத்துடுச்சு."

நடைமேடையில் ஒரு கணக்கு வாத்தியார் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். குனிந்தபடியே பேசினார். வேலைக்குச் சேர்ந்த அன்று தொடங்கிய கோடு அது. ஓய்வு பெற்ற பிறகும் கையை எடுக்க முடியவில்லை. அவருடைய முதுகு ஏற்கனவே கோணமானியாகிவிட்டிருந்தது.

"மிதிச்சுடாதீங்க. லைன்."

"என் சம்சாரம் இதுல நின்னாளா?"

"கேட்டாங்க. லைனுக்கு நீளம் மட்டும்தாம்மா உண்டு, அகலம் கிடையாது, எப்படி நிப்பேன்னேன். ஒல்லியாகிக்கறேன்னாங்க."

"ஆனாளா?"

"ஆனாங்க. நானே பயந்துட்டேன். பக்கவாட்டுல பாத்தா தெரியவே இல்ல. பூ வாசனை மட்டும் வந்துச்சு."

தணிகாசலம் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "வாத்தியாரே, இதோட அந்தப் பக்கத்து முனையிலயாவது இருப்பாளா?"

"லைனுக்கு முனை கிடையாது."

"ரெண்டு முனை இருக்குமே. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவ."

"அப்படி இருந்தா அதுக்குப் பேரு துண்டு சார். கோட்டுத்துண்டு." வாத்தியார் முதல் தடவையாக நிமிர முயன்று தோற்றார். "நீங்க துண்டோடயே பேசியிருக்கலாம்."

அதற்கு மேல் அங்கே நிற்கத் தணிகாசலத்தால் முடியவில்லை.

நிலையத்துக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் சினிமாக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கறுப்புக் கண்ணாடி. அதற்குள்ளும் இன்னொரு கறுப்புக் கண்ணாடி. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "ஒன் லைன் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் கதை சொல்ல வரல. சம்சாரத்தைத் தேடி வந்தேன்."

"பழைய லைன். புதுசா ஏதாவது?"

"போன் பண்ணா. சட்டை போடப் போனேன்."

சினிமாக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "ஓ, ஹீரோ நீங்கதானா? அந்தம்மாவும் இதையேதான் சொன்னாங்க. 'அவர் வர்றதுக்குள்ள'ன்னு ஆரம்பிச்சாங்க. அதோட நிறுத்திட்டாங்க. எத்தனையோ தரம் கேட்டேன், அதுக்கு மேல அவங்களுக்கும் தெரியல. உங்களுக்குத் தெரியுமா?"

"ஹீரோ வந்துடுவான்."

"எப்போ? இன்டர்வலுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

தணிகாசலம் சட்டைப் பொத்தானைத் திருகினார்.

"இதான் பிரச்சனை. ஹீரோ படம் பூரா உள்ளயே இருக்கார். ஹீரோயின் நின்னுட்டே இருக்காங்க. யாரு பாப்பா? வேணாம்னுட்டேன். ஆனா ஒண்ணு சார், நான் அழுதுட்டேன். எங்க லைன்ல அழக்கூடாது, ஆனா அழுதுட்டேன்." அவர் மறுபடி இரண்டு கண்ணாடிகளையும் மாட்டிக்கொண்டார். "கால் வலிக்குதுன்னாங்க. பின்னாடி தெருவுல லைன் வீடு காலியா இருந்துச்சு. அங்க போயிட்டாங்க."

லைன் வீடுகள் ஒரே கூரைக்குக் கீழே, ஒட்டி ஒட்டி, கண் எட்டும்வரை போயின. முதல் வீட்டில் காலைப் பலகாரம் வெந்துகொண்டிருந்தது. நடுவில் எங்கோ மழை பெய்தது. அடுத்த வீட்டுக்காரர்கள் இருமினால் இந்த வீட்டுக்காரர்கள் மருந்து குடித்தார்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே குழாய். குழாய்க்கு முன்னால் குடங்கள் வரிசையாக நின்றன. மனிதர்களே இல்லை. வரிசையைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் மட்டும் படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அம்சவல்லின்னு..."

"அம்சாக்காவா? லைன்ல இருக்காங்களே."

தணிகாசலம் சுற்றும் முற்றும் பார்த்தார். "எங்கம்மா?"

"அந்தா, பச்சைக் குடம்."

"அது குடம்."

"இந்த லைன்ல ஆள் நிக்க வேணாம் சார், குடம் நின்னாப் போதும். அக்கா குடத்தை வச்சுட்டு எங்கயோ போயிருக்காங்க. நீங்க யாரு?"

"அவ வீட்டுக்காரரு."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நல்ல சட்டை" என்றாள். பிறகு கீரை ஆய்வதில் இறங்கிவிட்டாள்.

பச்சைக் குடத்தின் கழுத்தில் நகச்சாயத்தால் 'அம்சா' என்று எழுதியிருந்தது. அவளுடைய கையெழுத்துதான். வரிசை ஓர் இடம் முன்னால் நகர்ந்தது. தணிகாசலம் குடத்தை ஒரு அடி நகர்த்தி வைத்தார். இன்னொரு இடம். இன்னொரு அடி. அவள் பொருளை அவர் இவ்வளவு மெதுவாக, இவ்வளவு பதமாகத் தொட்டதே இல்லை. கொஞ்சம் தயங்கிவிட்டு, குடத்தைத் தூக்கி அதன் வாயைக் காதில் வைத்துக்கொண்டார்.

"ஹலோ" என்றார்.

"சட்டை போட்டாச்சா?" என்றது குடம்.

குரல் தூரத்திலிருந்து வந்தது. ஆனால் அவள்தான்.

"போட்டாச்சு, அம்சா."

"எது? நீலக் கோடா?"

"ஆமா."

"நல்லா இருக்கும் உங்களுக்கு."

தணிகாசலம் குனிந்து பார்த்தார். வடையின் எண்ணெய் சட்டைப் பையைத் தாண்டி மார்பு முழுக்கப் பரவியிருந்தது. நீலக் கோடுகள் கரும்பச்சையாகிவிட்டிருந்தன. இப்படி ஒரு சட்டையோடு அவர் குப்பை கொட்டக்கூடப் போனதில்லை. 'ஒரு நிமிஷம்' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து அதை உள்ளே தள்ளினார். அது தொண்டையில் சிக்கி, பொத்தான் மாதிரி உருண்டு, கீழே போயிற்று.

"சட்டையில எண்ணெய் கொட்டிடுச்சு அம்சா. பரவாயில்ல. அப்படியேதான் பேசறேன்."



"அட" என்றாள்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"எனக்குத் தெரியும் நீங்க எதோ சொல்லப் போறீங்கன்னு. அதுக்குத்தானே இவ்வளவு நாள் நின்னேன். என்னங்க?"

"தப்பு..."

"இருங்க இருங்க. இவ்வளவு வருஷம் கழிச்சுப் பேசறீங்க, நான் தலையை விரிச்சுப் போட்டுட்டு நிக்கறேன். லைன்லயே இருங்க. தலை வாரிட்டு வந்துடறேன்."

"போன்ல யாரு அம்சா தலையைப்..."

அவள் போய்விட்டாள். குடத்துக்குள் பீரோக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. வளையல் சத்தம் கேட்டது. சீப்பு விழுந்தது. எடுத்தாள்.

வரிசையில் அவருக்கு முன்னால் குடமே இல்லை. குழாயில் தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது.

"சார், உங்க முறை. பிடிங்க" என்றாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பெண். "அப்புறம் தண்ணி நின்னுடும்."

தணிகாசலம் குடத்தைக் காதோடு இன்னும் இறுக்கிக்கொண்டார். தண்ணீர் பிடித்தால் குரல் மூழ்கிவிடும். அவர் மெல்ல ஓரமாக நகர்ந்து, பின்னால் இருந்த குடத்துக்கு வழி விட்டார். அதற்குப் பின்னால் இருந்ததற்கும் விட்டார். காலடியில் புல் மெல்ல முளைக்கத் தொடங்கியது. அது அவருடைய பாதங்களைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

குடத்துக்குள் சீப்பு ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. தணிகாசலம் வாக்கியத்தை ஒரு தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அம்சவல்லிக்கு முடி நீளம்.