சாலையோரம் வந்த நிலம்

அந்த அக்டோபரில், வயோமிங்கில் எங்கள் ஊருக்கு மேற்கே இருந்த ஒரு சதுர மைல் அரசு நிலம் எழுந்து நடந்து சாலையோரம் வந்து படுத்துக்கொண்டது. அது எல்லாருக்கும் பொதுவான நிலம், யாரும் வேட்டையாடலாம் என்றது சட்டம். ஆனால் நாலு பக்கமும் கோர்டன் ஸ்ட்ரூட்டின் பண்ணை; அதைக் கடக்க அவன் யாரையும் விடமாட்டான். ஹெலிகாப்டர் வைத்திருந்தவர்கள் வந்து இறங்கிச் சுட்டார்கள். எங்களிடம் பைனாகுலர் இருந்தது; வருடக்கணக்காக வேலிக்கு வெளியே நின்று எங்கள் கழுதைக்காது மான்களை வேடிக்கை மட்டும் பார்த்தோம். நிலத்துக்கே அலுத்துப்போயிருக்க வேண்டும். ஸ்ட்ரூட் அதிர்ச்சியெல்லாம் அடையவில்லை. வந்த நிலத்தைச் சுற்றி, சாலைப்பக்கம் தவிர, புதுக் கம்பிவேலி போட்டான்.

மருத்துவமனைச் சலவைக்காரி டுவைலா பர்டிக் வேட்டை உரிமத்தோடு முதல் ஆளாகப் போனாள். வீட்டில் இரண்டு பிள்ளைகள், ஃப்ரீஸரில் பட்டாணி மட்டும். அவள் சுட்ட ஆண் மான் வேலியைத் தாண்டி ஸ்ட்ரூட் பக்கம் விழுந்து செத்தது. அனுமதி இல்லாமல் போய் எடுத்தால் குற்றம். வெயில் ஏறியது, கறி கெட்டுவிடும். அவளே ஸ்ட்ரூட்டுக்கும் வேட்டையைக் கண்காணிக்கும் அரசு வார்டனுக்கும் போன் செய்தாள். முதலில் வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ஸ்ட்ரூட் அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன்.

"கால உள்ள வச்சே, கேஸ் போட்டுருவேன் டுவைலா."

"கண்ணாடியத் தொடச்சுட்டுப் பாருடா, காலு இங்கதான் இருக்கு. என் மானைக் குடு."

"நரிக்கும் பசிக்கும்ல?"

"நரி உன்னக் கேட்டுட்டா உள்ள வருது?"

அப்போது நிலம் லேசாகப் புரண்டு படுத்தது. வேலிக்கம்பி அறுந்து சுருண்டது. மானுக்கு அடியில் இருந்த மண் வேறு நிறமானது. வந்து சேர்ந்த வார்டன், செத்த மானின் பக்கத்தில் நின்று போனில் வரைபடத்தைப் பார்த்தார். அரசு நிலம் அதில் மஞ்சள்.

"மஞ்சள்லதான் கெடக்கு, கோர்டன்."

"அப்ப என் நிலம் எங்க?"

"பின்னாடி எங்கயாவது இருக்கும். போய்ப் பாருங்க."

டுவைலா உரிமச் சீட்டைக் கொம்பில் கட்டிவிட்டுக் குடலை எடுக்க உட்கார்ந்தாள். ஜனவரியில் ஸ்ட்ரூட் வந்து கறி கொஞ்சம் கேட்டான். வாசலுக்கு வெளியே நின்று கேட்கச் சொன்னாள். நின்று கேட்டான், கொடுத்தாள்.

இப்போதெல்லாம் பனிக்கு முன் நிலம் பழைய இடத்துக்குப் போய்விடும், ஒவ்வொரு அக்டோபரிலும் திரும்ப வரும். வேலி கட்டி மாளாமல் ஸ்ட்ரூட் அகலமாக ஒரு கேட் வைத்துவிட்டான். சாலைத்துறையும் பலகை நட்டிருக்கிறது: நிலம் கடக்கும் இடம், மெதுவாகச் செல்லவும்.