மாதம் அறுபது கடிதம்

"இந்தத் தீவுல இத்தனை பேருக்கு எழுதத் தெரியுமாம்மா?" என்று லெப்டினன்ட் ஹேக்வில் ஒருமுறை யூடோராவிடம் கேட்டார். கேட்டவர் பதிலுக்குக் காத்திருக்காமல் தபால் பைக்கு அரக்கு முத்திரை வைக்கத் தொடங்கினார். தப்பித்தோம் என்றிருந்தது அவளுக்கு. வெளியாளிடம் பேச வேண்டுமென்றால் அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

பெரன் தீவில் முந்நூறு பேர் இருந்தார்கள். எழுதத் தெரிந்தவர்கள், போதகரையும் சேர்த்து, ஒன்பது பேர். அதில் மூவருக்கு வெளியூரில் யாருமே இல்லை.

தபால் ஆபீஸ் என்பது யூடோராவின் வீட்டு முன்னறையும் ஒரு தகரப் பெட்டியும்தான். மாதம் ஒருமுறை 'மார்த்தா' என்ற சின்ன நீராவிக் கப்பல் வரும். கப்பல் கம்பெனிக்கு லண்டன் அரசாங்கம் வருஷா வருஷம் மானியம் கொடுத்தது. அதற்காக, ஒப்பந்தத்தில் பேர் உள்ள துறைமுகத்துக்கெல்லாம் புயலடித்தாலும் போயாக வேண்டும். போய், ஆறு மணி நேரம் நின்றாக வேண்டும். கடிதம் வாங்கியவர்கள் படித்துப் பதில் எழுத அந்த அவகாசம். பதில் எழுத யாருமில்லாத ஊரிலும் கப்பல் ஆறு மணி நேரம் நின்று பதிலுக்குக் காத்திருந்தது.

அந்த ஆறு மணி நேரம்தான் யூடோராவின் இல்லறம். அவள் புருஷன் ஜோசையா மார்த்தாவின் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுபவன். தீவில் உப்பளம் மூடிய பிறகு ஆம்பிளைகளுக்கு வேறு வேலை இல்லை. கம்பெனியில் ஏழு வருஷத்துக்குக் கையெழுத்து போட்டிருந்தான். இன்னும் ஐந்து பாக்கி. மாதம் ஒரு நாள் கரி படிந்த முகத்தோடு வருவான், குளிப்பான், உப்புமீனும் கலலு கீரையும் சாப்பிடுவான், ஒரு தூக்கம் போடுவான். கப்பல் கிளம்பும் அடையாளமாகத் துறையில் பீரங்கி வெடித்ததும் ஓடுவான்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஹேக்வில் ஒரு சேதி சொன்னார். அவர் கடற்படைக்காரர், தபாலுக்குக் காவலாக அரசாங்கம் கப்பலில் ஏற்றி வைத்த ஆள். கப்பலை ஓட்டுவது கேப்டன் என்றாலும், தபால் விஷயத்தில் கேப்டனே அவர் முன் தொப்பியைக் கழற்ற வேண்டும்.

"உங்க ஊர்லேர்ந்து மாசம் பதினோரு கடிதம் போகுதும்மா. லண்டன்ல சிரிக்கிறாங்க. குறைஞ்சது அறுபது இருக்கணும். இல்லேன்னா அடுத்த ஒப்பந்தத்துல பெரன் பேரை அடிச்சிடுவாங்க. அப்புறம் கப்பல் இந்தப் பக்கமே வராது."

அன்று முதல் யூடோரா எழுதினாள்.

முதல் மாதம் வெறும் தாளை மடித்து முத்திரை வைத்து அனுப்பினாள். அவளுக்கே அது பொறுக்கவில்லை. இத்தனை தூரம் கடல் கடந்து போகிற தாளில் ஒன்றுமில்லை என்றால் எப்படி? அடுத்த மாதம் வலது கையால் முப்பது, இடது கையால் இருபது என்று எழுதினாள். கல்லறைகளில் இருந்த பேர்களைக் கையெழுத்தாகப் போட்டாள். வாயைத் திறக்காத பெண்ணுக்கு எழுத உட்கார்ந்தால் ஊரே வந்தது. பார்படோஸில் இல்லாத மாமன்மாருக்கும் டொமினிக்காவில் பிறக்காத தங்கைமாருக்கும் ஆட்டுக்கு அடிபட்ட கதை, கூரை பறந்த கதை, பங்காளிச் சண்டை எல்லாம் போயிற்று. அஞ்சல் கட்டணத்தைக் கடிதம் பெறுகிறவர் தலையில் கட்டுவது அந்தக் காலத்து வழக்கம். அதனால் அவளுக்குத் தாளும் மையும்தான் செலவு. இல்லாத ஆளைத் தேடிச் சலித்து, 'அப்படி யாருமில்லை' என்ற முத்திரையோடு கடிதங்கள் திரும்பி வந்தன. அவை வந்த தபால் கணக்கில் சேர்ந்தன. ஒரு பொய்க்கு இரண்டு கடிதம்.

ஒரே ஒரு முறை பதில் வந்தது. பார்படோஸின் பிரிட்ஜ்டவுனில் ஆம்ப்ரோஸ் டில் என்று நிஜமாகவே ஒருவர் இருந்து தொலைத்தார். 'நீங்கள் யாரென்று தெரியவில்லை. ஆனால் அந்த ஆட்டின் கால் இப்போது எப்படி இருக்கிறது?' என்று கேட்டிருந்தார். கால் ஆறிவிட்டதாக அவள் எழுதினாள்.

"என்ன டோரா, விரலெல்லாம் மை?" என்று ஜோசையா ஒருநாள் கிண்டல் செய்தான். அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "என்னைவிடக் கருப்பா இருக்கே. யாருக்குடி எழுதுற, காதலனுக்கா?"

"அறுபது காதலன்."

"ஐயோ! நான் ஒருத்தன் வர்றதுக்கே ஒரு மாசம் ஆகுது. அறுபது பேரும் வந்தா உப்புமீன் பத்தாதே!"

அறுபதோடு அவள் நிறுத்தியிருக்கலாம். பயம் நிறுத்த விடவில்லை. எழுதும் ருசியும் விடவில்லை. எண்பதானது, நூறானது, போன மாதம் நூற்றுப் பன்னிரண்டு.

இந்த மாதம் ஹேக்வில் விழாவுக்குப் போடும் கோட்டோடு வந்தார். ஜோசையா தட்டின் முன் உட்கார்ந்திருந்தான். எழப்போனவனைக் கையமர்த்தினார்.

"உக்காருப்பா. நல்ல சேதி. மானியத்துல கப்பல் போற ஊர்கள்லேயே ஆளுக்கு அதிகம் எழுதுறது உங்க ஊர்தானாம். லண்டன்ல மேஜையைத் தட்டிப் பாராட்டினாங்களாம். அடுத்த மாசத்துலேர்ந்து சவுத்தாம்ப்டன் பெரிய கப்பலே நேரா இங்க வரும்!"

யூடோரா மெல்லக் கேட்டாள். "எவ்வளவு நேரம் நிக்கும்யா?"

"ஒரு மணி நேரம். பெரிய கப்பல் இல்லையா."

"அப்போ மார்த்தா?"

"அது எதுக்கு இனிமே? ரொம்பத் தூரத்துல, தெமராரா கரைக்கு மாத்திட்டாங்க. ஆளுங்களோடதான்."

ஜோசையா கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தான்.

யூடோரா வாழ்நாளில் முதன்முறையாக ஒரு வெளியாளிடம் உரக்கப் பேசினாள். "ஐயா, அது அத்தனையும் நான் எழுதினதுய்யா! ஊர்ல யாரும் எழுதல. லண்டனுக்குச் சொல்லிடுங்க. பழையபடி அறுபதே எழுதுறேன்."

ஹேக்வில் வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தெரியும்மா."

"தெரியுமா?"

"செத்துப்போன சர்ச் வார்டன் மாசம் ஆறு கடிதம் எழுதுறார். கண்ணு குருடா எனக்கு? ஒப்பந்தத்துல கடிதத்தை எண்ணுன்னுதான் இருக்கு, யார் எழுதினதுன்னு கேளுன்னு இல்லை. எண்ணிக்கை சரின்னு ரெண்டு வருஷமா கையெழுத்து போட்டிருக்கேன். இப்போ பொய்னு நானே எழுதினா, என் பென்ஷனை நீங்களா குடுப்பீங்க?"

"என் வீட்டுக்காரர் வந்து போறதுக்காகத்தான்யா எழுதினேன்."

அவர் முகம் ஒரு கணம் இளகியது. ஆறுதல் சொல்லத்தான் நினைத்தார், பாவம்.

"அதுக்கென்னம்மா, தெமராராவுக்குக் கடிதம் போடுங்க. உங்களுக்கா எழுதத் தெரியாது? சேவையும் இப்போ நல்லாயிடுச்சே."

"அவருக்குப் படிக்கத் தெரியாதுய்யா."

ஹேக்வில் மேஜையிலிருந்த கடிதங்களை எண்ணத் தொடங்கினார். எண்ணி முடித்து நூற்று இருபது என்று குறித்தார். கையெழுத்து போட்டு மை காய ஊதினார்.

துறையில் பீரங்கி வெடித்தது. ஜோசையா கை கழுவினான். ஆணியில் மாட்டியிருந்த தொப்பியை எடுத்தான். மேஜையைத் தாண்டும்போது அந்தக் கடிதக் குவியலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். அவள் மை படிந்த விரல்களை உடுப்பில் துடைத்தாள். அவன் படியிறங்கித் துறையை நோக்கி நடந்தான்.